உப்புக்குள் தண்ணீர் எங்கே?
(அறிவியல் மேதை சர் கே. எஸ். கிருஷ்ணன் வாழ்வும் பணியும்)



மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் அண்ணன் வகுப்புக்கு வந்தபோது, அப்துல் கலாம் ஐயாவைப் பற்றியோ விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றியோ யாராவது எழுதிக்கொடுங்கள் என்றுதான் கேட்டார். இருவர் பெயருக்கும் எனக்கு முன்னாலேயே ஐந்தாறு பேர் கை தூக்கிவிட்டார்கள். நான் கே. எஸ். கிருஷ்ணன் என்றேன். எந்தக் கிருஷ்ணன், கவிஞரா என்று கேட்டார் அண்ணன். பாதிப் பேருக்கு அவர் ராமனுக்கு உதவியாளராக இருந்தவர் என்பதோடு சரி, மீதிப் பேருக்கு அதுவும் தெரியாது. எனக்கும் மூன்று வருஷத்துக்கு முன்னால் தெரியாது. ஒரு சோதனைக் குழாயும், என் அம்மாவின் வயிற்று வலியும்தான் அவரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தன.

நான் அமிர்திக்காரன். கணியம்பாடியில் திரும்பி மலையைப் பார்த்து வந்தால் பஸ் வந்து நிற்கும் இடம். அங்கே இருக்கும் வன உயிரினப் பூங்காவுக்கும், மழைக்காலத்தில் விழும் அருவிக்கும் நீங்கள் வந்திருப்பீர்கள். எங்கள் குடும்பத்துக்குச் சாமையும் புளியும்தான் வருமானம். வீட்டில் பத்தாவது தாண்டியது நான் ஒருவன்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆனால் கேள்வி கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இது பின்னால் வரும்.

முதலாண்டு வேதியியல் லேபில் ஒரு நாள் மயில்துத்தத்தைச் சூடுபடுத்தினோம். புத்தகத்தில் அதற்குப் பெயர் காப்பர் சல்பேட். நல்ல நீல நிறக் கல். சோதனைக் குழாயில் போட்டு விளக்கில் காட்டினால் நீலம் மெல்ல மெல்லப் போய் வெள்ளைப் பொடியாகிறது. குழாயின் வாய்ப்பக்கத்தில் வியர்த்த மாதிரி நீர்த்துளி நிற்கிறது. ஆறின பொடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் திரும்பவும் நீலம்! ரெக்கார்டில் படிக நீர், ஐந்து மூலக்கூறு என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எழுதிவிட்டு, சார், கல்லு காய்ஞ்சுதானே இருந்துச்சு, உள்ளே தண்ணி எங்கே இருந்துச்சு என்று கேட்டுவிட்டேன். என் பேட்ச்சில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பேட்ச் வெளியே காத்திருந்தது, நேரமாகிவிட்டது, ரெக்கார்டை முடி என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. தமிழ் வழியில் மலையில் படித்துவிட்டு வந்தவன், எல்லாருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்வி அப்படியொன்றும் சிரிப்புக்குரிய கேள்வி இல்லை என்று நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டியபோது தெரிந்தது. அந்த நீலக் கல்லை எடுத்து 1936-லும் 1938-லும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய ஒரு தமிழர் இருந்திருக்கிறார்! அவர்தான் நம் கட்டுரை நாயகர்.

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். இன்றைய விருதுநகர் மாவட்டம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். (அடிவாரம் என்றதும் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது, மன்னிக்கவும்.) தந்தையார் விவசாயம் பார்த்தவர். ஆனால் எங்கள் வீடு மாதிரி இல்லை, தமிழிலும் சமஸ்கிருதத்திலும் நல்ல புலமை உள்ளவர். அந்தப் புலமை மகனுக்கும் வந்தது. பிற்காலத்தில் அவர் தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார்.

வத்திராயிருப்புப் பள்ளியில் திருமலைக்கொழுந்து பிள்ளை என்று ஓர் ஆசிரியர். தனக்கு விஞ்ஞானத்தில் ஆசை வந்ததற்கு அவர்தான் காரணம் என்று கிருஷ்ணன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நடத்தி முடித்ததும், பொருள்களின் அடர்த்தியைக் கண்டுபிடிக்கத் தானாகவே ஒரு கருவியை யோசித்து எழுதிக் கொடுத்தாராம் பையன். அப்படி ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு நிக்கல்சன் ஹைட்ரோமீட்டர் என்று பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. நமக்கு முன்னாலேயே ஒருவன் கண்டுபிடித்துவிட்டானே என்று நாமாக இருந்தால் சோர்ந்துவிடுவோம். கிருஷ்ணனுக்கோ அது பெருமையாக இருந்திருக்கிறது.

பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. பட்டம் வாங்கியதும் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் துறையில் டெமான்ஸ்டிரேட்டர் வேலை. லேபில் நமக்குக் குழாயும் விளக்கும் எடுத்துக் கொடுத்து, செய்து காட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த வேலை. அங்கே அவர் செய்த ஒரு காரியம் எனக்கு அவருடைய எல்லாப் பட்டங்களையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்று உட்கார்ந்துவிடுவார். இயற்பியல், வேதியியல், கணிதம் என்று எதுவானாலும் கேட்கலாம். மற்றக் கல்லூரிகளிலிருந்தும் பையன்கள் வர ஆரம்பித்தார்கள். அன்றைக்கு நான் அங்கே இருந்திருந்தால் என் மயில்துத்தக் கேள்வியைக் கேட்டிருப்பேன். அவர் சிரித்திருக்க மாட்டார்.

1920-இல் கல்கத்தா போனார். 1923 இறுதியில் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். இந்தக் கழகம் மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-இல் தொடங்கியது. பகலில் கணக்குத் துறை உத்தியோகம் பார்த்துக்கொண்டே ராமன் காலையும் மாலையும் ஆராய்ச்சி செய்த இடம் அதுதான்.

அங்கே கிருஷ்ணனுக்குக் கொடுத்த வேலை, ஒளி திரவங்களில் எப்படிச் சிதறுகிறது என்று பார்ப்பது. கே. ஆர். ராமநாதன் 1923-லேயே ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார். உள்ளே அனுப்பிய ஒளியின் நிறத்தோடு வேறு நிறமும் மங்கலாக வெளியே வருகிறது. திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பார்த்தார்கள், போகவில்லை. கிருஷ்ணனும் பிறகு அதையே கண்டார். 1928 ஜனவரி, பிப்ரவரியில் இதை ஒரு கை பார்ப்பது என்று இறங்கினார்கள்.

செய்த விதம் எளிமையானது, நம் லேபிலேயே கற்பனை செய்து பார்க்கலாம். சூரிய ஒளியை ஒரு லென்சால் குவித்து, வழியில் ஊதா நிறக் கண்ணாடி ஒன்றை வைக்கிறார்கள். ஊதா மட்டும் திரவத்துக்குள் போகும். பக்கவாட்டில் பார்க்கும் கண்ணுக்கு முன்னால் இன்னொரு கண்ணாடி. அது பச்சை, மஞ்சளை மட்டும் விடும், ஊதாவை அறவே விடாது. இரண்டு கண்ணாடியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரே இருட்டு. திரவம் ஒளியின் நிறத்தை மாற்றவில்லையென்றால் நடுவில் திரவம் இருந்தாலும் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மங்கலாக ஒளி தெரிந்தது! சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள், அத்தனையிலும் தெரிந்தது. பிப்ரவரி 16-ஆம் தேதி ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் நேச்சர் பத்திரிகைக்குக் கடிதம் போயிற்று. மார்ச் 31-ஆம் தேதி வெளியாயிற்று. பிப்ரவரி 28-இல் நிறமாலைக் கருவி வழியே பார்த்து உறுதி செய்தார்கள். அந்த நாளைத்தான் 1987 முதல் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். ஏறக்குறைய அதே நாட்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்ற இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் இதையே பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏன் நிறம் மாறுகிறது? நாம் சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போமே, அந்தக் கதைதான். சுண்டினால் பானை தன் சத்தத்தைக் கொடுக்கும். நல்ல பானைக்கு ஒரு சத்தம், கீறல் விட்டதற்கு ஒரு சத்தம். அணுக்களும் மூலக்கூறுக்குள் சும்மா இல்லை, எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒளி வந்து மோதும்போது மூலக்கூறு தன் அதிர்வுக்கு வேண்டிய ஆற்றலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. ஆற்றல் குறைந்தால் நிறம் சிவப்புப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் எந்த மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். அந்த அளவுக்கு அலை எண் என்று பெயர், ஒரு செ.மீ.க்கு இத்தனை அலை என்று கணக்கு. கால்சைட் என்ற சுண்ணாம்புக் கல் 1086 என்று ஒலிக்கும், ஜிப்சம் 1008 என்று ஒலிக்கும்.

எங்கள் ஜவ்வாது மலையின் இன்னொரு பக்கம், காவலூரில், 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று 1986 முதல் இருக்கிறது. பள்ளியில் படிக்கும்போது சுற்றுலா கூட்டிப் போனார்கள். நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்வோம் என்றார்கள். நான் நம்பவில்லை. ராமன் விளைவைப் படித்த பிறகு நம்புகிறேன்.

1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. இதைப் பற்றி விஞ்ஞானிகள் நடுவே இன்னமும் வாதம் நடக்கிறது. யோசனையும் பிடிவாதமும் ராமனுடையவை, பல வருஷம் அந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் அவர், அதனால் பரிசு அவருக்குப் போனதில் தவறில்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்தக் கண்ணாடிகளுக்கு முன்னால் இருட்டறையில் நாள்கணக்காகக் கண்ணை வைத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் கிருஷ்ணன். அவர் இதைப் பற்றி வெளியே குறைப்பட்டுக்கொண்டதில்லை. குறைப்பட நேரமும் இருந்திருக்காது. 1928 டிசம்பரிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போய்விட்டார். சத்யேந்திரநாத் போஸ் அப்போது அங்கேதான் இயற்பியல் பேராசிரியர்.

டாக்காவில் தொடங்கிய வேலைதான் முழுக்க முழுக்க அவருடைய சொந்த வேலை. இதை எத்தனை பேர் படித்திருப்பீர்களோ தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு படிகத்தை எடுத்து ஒரு திசையில் காந்தத்தால் இழுத்தால் ஒரு விதமாகவும், குறுக்கே இழுத்தால் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். உள்ளே அணுக்கள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அடுக்கப்படவில்லை என்பதுதான் காரணம். இந்த வேறுபாட்டை அளந்தால், படிகத்தை உடைக்காமலே உள்ளே யார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் வேறுபாடு மிகமிகச் சிறியது. படிகமும் அரிசி அளவுகூடக் கிடைக்காது. எப்படி அளப்பது?

கிருஷ்ணன் செய்த வழியைப் பாருங்கள். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவில் தொங்கவிட்டார். காந்தம் படிகத்தைத் தனக்குப் பிடித்த திசையில் நிறுத்தி வைத்துக்கொள்ளும். இப்போது இழையின் மேல் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். குழந்தைத் தூளியின் கயிற்றை மேலே முறுக்கினால் கீழே தூளி திரும்பப் பார்க்கும் இல்லையா? இங்கே காந்தம் விடாமல் பிடித்திருக்கிறது. முறுக்கு ஏற ஏறப் படிகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஏறக்குறைய 45 டிகிரி திரும்பியதும் காந்தத்தின் பிடி தோற்றுவிடும், படிகம் சட்டென்று சுழன்றுவிடும். அந்த நேரத்தில் மேலே எத்தனை டிகிரி முறுக்கியிருந்தோம் என்று படித்துக்கொண்டால் போதும், கணக்குப் போட்டுவிடலாம். ஓர் இழை, ஒரு காந்தம், ஒரு கோண அளவுத் தட்டு! நம் ஒர்க்‌ஷாப்பில் செய்துவிடக்கூடிய கருவி மாதிரி இருக்கிறது. குவார்ட்ஸ் இழையை மட்டும் இழுத்துவிட முடியாது, அது தனிக் கலை.

பி. சி. குஹா, எஸ். பானர்ஜி முதலியவர்களோடு சேர்ந்து அவர் இந்த முறையில் எத்தனையோ படிகங்களை அளந்தார். 1933-இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியீட்டில் பெரிய கட்டுரைகள் வந்தன. நாப்தலீன் போன்றவற்றில் மூலக்கூறுகள் அப்பளம் மாதிரித் தட்டையானவை. அந்த அப்பளங்கள் படிகத்துக்குள் எந்தச் சாய்வில் அடுக்கியிருக்கின்றன என்று இந்த முறை காட்டிக்கொடுத்தது. எக்ஸ்-கதிர் மூலம் பென்சீன் வளையம் தட்டையானது என்று 1929-இல் காட்டிய காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரும் கிருஷ்ணனும் 1936-இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். லண்டனில் எக்ஸ்-கதிர் சொன்னதும் கல்கத்தாவில் தொங்கிய படிகம் சொன்னதும் ஒத்துப்போயின. 1933-லேயே அவர் கல்கத்தாவுக்குத் திரும்பி, பழைய கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் ஆகியிருந்தார்.

இனி என் மயில்துத்தத்துக்கு வருகிறேன். 1934-இல் பீவர்ஸ், லிப்சன் என்ற இருவர் இங்கிலாந்தில் எக்ஸ்-கதிரால் அதன் கட்டமைப்பைக் கண்டுபிடித்தார்கள். தாமிர அணுவைச் சுற்றி நான்கு மூலையில் நான்கு நீர் மூலக்கூறு. மேலேயும் கீழேயும், சற்றுத் தள்ளி, சல்பேட்டின் ஆக்சிஜன். ஐந்தாவது தண்ணீர் தாமிரத்தைத் தொடவே இல்லை, மற்ற நீருக்கும் சல்பேட்டுக்கும் நடுவில் கை கோத்துக்கொண்டு நிற்கிறது. கிருஷ்ணனும் ஏ. முகர்ஜியும் அதே கல்லை இழையில் தொங்கவிட்டு அளந்தார்கள். தாமிரத்தைச் சுற்றியுள்ள அந்த நான்கு ஒரு பக்கம், இரண்டு ஒரு பக்கம் என்ற ஏற்பாடு காந்த அளவிலும் தெரிந்தது. ஒரு சிறு கட்டத்தில் இரண்டு தாமிர அணுக்கள், ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டக் குறுக்காகத் திரும்பி நிற்கின்றன என்பதும் அதில் வந்தது.

ஆக, தண்ணீர் கல்லுக்குள் ஈரமாக இல்லை. தூண் மாதிரி, உத்தரம் மாதிரி, கட்டடத்தின் பகுதியாகவே இருக்கிறது. அதனால்தான் கல் காய்ந்திருக்கிறது. நீலமே அந்த நீர் தாமிரத்தைச் சூழ்ந்து நிற்பதால் வருகிறது. சூட்டில் தண்ணீரை விரட்டினால் நிறமும் போகிறது, கட்டடமும் இடிந்து பொடியாகிறது. என் கேள்விக்கு ஒன்றரை வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது!

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் அம்மாவுக்கு விலாவில் வலி, குளிர் காய்ச்சல். மலையில் கைவைத்தியம் பார்த்துப் பார்த்து நாள் போய்விட்டது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகத்தில் கல். எடுத்த கல்லைச் சோதனைக்கு அனுப்பி ரிப்போர்ட் வந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் என் கையில் கொடுத்தார்கள். இன்ஃப்ரா ரெட் முறை என்று தலைப்பில் போட்டிருந்தது. கீழே மெக்னீசியம் அமோனியம் பாஸ்பேட் ஹெக்ஸாஹைட்ரேட். ஹெக்ஸா என்றால் ஆறு. அம்மாவின் வயிற்றுக்குள் இருந்த கல்லிலும் ஆறு தண்ணீர்! வராந்தாவில் நின்று அதைப் படித்தபோது கை நடுங்கியது. பயத்தினால் மட்டும் இல்லை.

அந்தக் கல்லுக்கு ஸ்ட்ரூவைட் என்று பெயர். உள்ளே மெக்னீசியம் நடுவில் இருக்கும், ஆறு நீர் மூலக்கூறுகள் எட்டு முகத்து வடிவில் அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். பாஸ்பேட் தனியாக நான்முகி வடிவில் நிற்கும், அமோனியம் தனியாக நிற்கும். மெக்னீசியமும் பாஸ்பேட்டும் நேரடியாகத் தொடுவதே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவது ஹைட்ரஜன் பிணைப்பு, அதாவது அந்தத் தண்ணீரின் கைதான். மயில்துத்தத்தில் ஐந்தாவது நீர் செய்த வேலையை இங்கே ஆறு நீரும் செய்கின்றன.

இதைச் சுண்டிப் பார்த்தால் பாஸ்பேட் நான்முகி மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கும் அதிர்வு ராமன் நிறமாலையில் 950-ஐ ஒட்டி ஒரு கூர்மையான கோடாக வரும். இன்ஃப்ரா ரெட்டில் 1000-ஐ ஒட்டி அகலமான பட்டை. நீரின் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் அதிர்வு, சாதாரணத் தண்ணீரில் 3400 பக்கம் வருவது, இதில் 3000 பக்கம் வரை இறங்கி அகலமாகப் பரந்துவிடுகிறது. அந்த நீரை இறுகப் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. சாதாரணமாக அதிகம் பேருக்கு வருவது கால்சியம் ஆக்சலேட் கல். அது 1320, 1620 என்று வேறு இடத்தில் கோடு காட்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

குழப்பிக்கொள்ளாமல் இருப்பது ஏன் முக்கியம் என்று டாக்டர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். ஸ்ட்ரூவைட் கல் கிருமியால் வருவது. சில கிருமிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும், சிறுநீர் காரமாகும், அப்போது இந்தப் பாஸ்பேட் கல் கிடுகிடுவென வளரும். கல்லை எடுத்தால் மட்டும் போதாது, கிருமியை ஒழிக்காவிட்டால் திரும்ப வரும். ஆக்சலேட் கல்லுக்குச் சொல்லும் பத்தியம் இதற்கு உதவாது. எந்தப் படிகம் என்று தெரிந்ததால்தான் அம்மாவுக்குச் சரியான மருந்து கிடைத்தது. இப்போது அம்மா நன்றாக இருக்கிறார், புளி உலுக்கப் போகிறார்.

கிருஷ்ணன் ஸ்ட்ரூவைட்டை ஆராய்ந்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் உலோகத்தைச் சுற்றி நீர் எப்படி நிற்கிறது என்று இழையில் தொங்கவிட்டுக் கேட்டவரும், மூலக்கூறின் அதிர்வை ஒளியில் பார்த்த இருவரில் ஒருவரும் அவரே. அந்த ரிப்போர்ட்டின் இரண்டு பக்கமும் அவர் நடந்த பாதை.

மீதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் இருக்கும். 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946-இல் சர் பட்டம். 1947-இல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர். அணுசக்தி ஆணையம் 1948-இல் அமைந்தபோது பாபா, பட்நாகர், கிருஷ்ணன் மூவர்தான் உறுப்பினர்கள். 1954-இல் பத்மபூஷண். பட்நாகர் பெயரில் பரிசு ஏற்படுத்தி 1958-இல் முதன்முதலில் கொடுத்தபோது அது கிருஷ்ணனுக்குத்தான்.

நம்மைப் போன்ற டிப்ளமா மாணவர்களுக்கு அந்த ஆய்வகம் எட்டாத ஊர் என்று நினைக்காதீர்கள். நாட்டின் மீட்டரும் கிலோகிராமும் நொடியும் அங்கேதான் காக்கப்படுகின்றன. நம் ஒர்க்‌ஷாப் வெர்னியர் காலிப்பரைச் சரிபார்க்க வேண்டுமென்றால், சரிபார்க்கிற கருவியை இன்னொன்றோடு, அதை இன்னொன்றோடு என்று படி ஏறிப் போனால் கடைசியில் அங்கேதான் நிற்கும். ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கும் அழியாத மைகூட அந்த ஆய்வகம் கொடுத்த செய்முறைதான். 1962 பொதுத் தேர்தலிலிருந்து வைக்கிறார்கள். எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு ஒரு செய்தி: வெற்றிடத்தில் மின்சாரம் பாயும் கம்பி நீளவாக்கில் எந்த இடத்தில் எவ்வளவு சூடாக இருக்கும் என்ற கணக்கை அவர் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே போட்டார். ஃபைல்களுக்கு நடுவில் ஆராய்ச்சியை விடாதவர். 1961 ஜூன் 14ஆம் நாள் டெல்லியில் மாரடைப்பால் காலமானார். வயது 62.

அப்பாவுக்கு இதையெல்லாம் ஒரு நாள் ராத்திரி சொன்னேன். மருந்தடிக்கும்போது சுண்ணாம்போடு கலக்கிற மயில்துத்தமா, அதுக்குள்ளே தண்ணியா என்று முதலில் நம்பவில்லை. இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினேன். வெளுத்தது. தண்ணீர் தெளித்தேன். நீலமானது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, அம்மாவின் கல்லில் ஆறு தண்ணீர் என்கிறாயே, அதை எண்ணினது யார், எப்படி எண்ணினார்கள் என்று கேட்டார். சூடாக்கி எடைக் குறைவைப் பார்த்து எண்ணலாம், எக்ஸ்-கதிரில் பார்த்தும் எண்ணலாம் என்றேன். சூடாக்கினால் அமோனியாவும் சேர்ந்து போகுமே, அப்போது எது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பார்கள் என்ற அடுத்த கேள்வி எனக்கே அப்போதுதான் வந்தது. மறுநாள் வேதியியல் சாரிடம் போய்க் கேட்டேன். உட்கார் என்றார்.

உரக்கடையில் வாங்கிய மயில்துத்தத்தை வெந்நீரில் கரைத்து, ஒரு சிறு கல்லை நூலில் கட்டி ஊறுகாய் ஜாடியில் தொங்கவிட்டிருக்கிறேன். திண்ணையில் வெயில் படாத மூலையில் இருக்கிறது. தினமும் காலையில் அப்பா மூடியைத் திறந்து பார்க்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை வெர்னியரில் அளந்தேன், 14 மில்லிமீட்டர்.